இணைபிரியாச் சொற்கள்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவி

முன்னுரை

இரு கை தட்டினால்தான் ஓசை எழும் என்பது நம் நாட்டுப் பழமொழி. கைகளுக்கு மட்டுமன்று, சில சொற்களுக்கும் இது பொருந்தும். ஆங்கிலத்தில் 'ஐதர்' என்று ஒரு சொல் இணைப்புச் சொல்லாக வந்துவிட்டால், சற்றுத் தள்ளி 'ஆர்' வந்தே தீர வேண்டும். 'நைதர்' வந்தால் 'நார்' வரும். 'போத்' வந்தால் 'அண்ட்' வரும். 'நாட் ஒன்லி' வந்தால் 'பட் ஆல்சோ' வரும். ஒன்றை விட்டு ஒன்று வாழாத இச்சொற்களை இணை இணைப்புச் சொற்கள் எனலாம். ரென், மார்ட்டின் ஆகிய இருவரும் எழுதிய, நம் நாட்டுப் பள்ளிகளில் நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வரும் இலக்கண நூலும் இவற்றைத் தனி வகையாகவே பிரித்துக் காட்டுகிறது.

இச்சொற்களைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிக்கலாம் என்பதை, எங்கள் தெருத் திண்ணையில் நான் பட்ட பாட்டையும் கண்ட பயனையும் வைத்து இங்கே எழுத முற்படுகிறேன். அச்சு வசதி கருதி ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்துள்ளேன்.

இயற்பியல் படிக்கும் மாணவிக்கு இலக்கணத்தில் என்ன வேலை என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். அதற்கு விடை என் வீட்டிலேயே இருக்கிறது.

ஒரு சொல்லின் விலை

என் தந்தையார் ஆரணியில் பட்டு நெசவு செய்பவர். தாயார் பாவு பிணைப்பதிலும் தார் சுற்றுவதிலும் அவருக்குத் துணை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆகவே வீட்டுக்கு வரும் ஆங்கிலக் காகிதம் எதுவானாலும் அது என் கைக்கே வரும். நான் பிளஸ் டூ படித்தபோது, அப்பா அம்மா இருவர் பெயரிலும் வங்கியில் ஒரு கணக்குத் தொடங்கினோம். படிவத்தை நிரப்பியவள் நான். கணக்கை யார் இயக்குவது என்ற இடத்தில் சில கட்டங்கள் இருந்தன. ஒன்றில் 'ஐதர் ஆர் சர்வைவர்' என்றும், மற்றொன்றில் 'ஜாயிண்ட்லி' என்றும் அச்சிட்டிருந்தது. இருவருக்கும் சேர்ந்த கணக்குத்தானே என்று எண்ணி, 'ஜாயிண்ட்லி' என்ற கட்டத்தில் குறியிட்டேன். சரியாகச் செய்துவிட்டதாகப் பெருமையும் கொண்டேன்.

அடுத்த ஆண்டு அப்பா காய்ச்சலில் விழுந்து வேலூரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மருந்துச் செலவுக்குப் பணம் எடுக்க அம்மா வங்கிக்குப் போனார். இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் தர முடியும் என்று அங்கிருந்தவர் படிவத்தையே எடுத்துக் காட்டினார். அவர் மீது குற்றமில்லை. படிவம் அப்படித்தான் சொல்லியது. நான் சீட்டை எடுத்துக்கொண்டு பேருந்தில் வேலூர் சென்று, படுக்கையில் இருந்த அப்பாவிடம் கையெழுத்து வாங்கித் திரும்பினேன். அதற்குள் வங்கி மூடிவிட்டது. அன்று மாலை அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று.

'ஐதர் ஆர் சர்வைவர்' என்றால் இருவரில் எவர் ஒருவரும் தனியே பணம் எடுக்கலாம். ஒருவர் காலமானால் மற்றவர் எடுக்கலாம் என்று பொருள். 'ஜாயிண்ட்லி' என்றால் இவரும் வேண்டும், அவரும் வேண்டும். 'இவராவது அவராவது' என்பதற்கும் 'இவரும் அவரும்' என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழில் எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆங்கிலத்தில் அவ்வேறுபாட்டை எந்தச் சொல் தாங்கி நிற்கிறது என்பதுதான் தெரியவில்லை. பள்ளியில் 'ஐதர் ஆர், நைதர் நார்' என்று நான் ஒப்பித்த ஒப்பிப்பு அந்தக் கட்டத்தின் முன்னே எனக்குக் கைகொடுக்கவில்லை.

திண்ணை வகுப்பு

2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், நம் மாநிலத்தில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. அந்த இடைவெளியை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டு, தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாயினர். நான் அத்திட்டத்தில் சேர்ந்தவள் அல்லேன். ஆயினும், தெருவிலுள்ள ஒருவர் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் என்ற எண்ணம் எனக்கு அதைப் பார்த்துத்தான் வந்தது. கல்லூரியில் சேர்ந்த பின், எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை ஆறரை மணிக்கு மேல் ஒன்பது பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தேன். அனைவரும் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்பினர். அனைவரும் தறி வீட்டுப் பிள்ளைகள்.

இணை இணைப்புச் சொற்களை முதலில் நான் எனக்குக் கற்பிக்கப்பட்ட முறையிலேயே கற்பித்தேன். பலகையில் ஆறு இணைகளை எழுதினேன். பிள்ளைகள் உரக்க ஒப்பித்தனர். மறுநாள் சொந்தமாக வாக்கியம் எழுதச் சொன்னேன். வந்தவற்றுள் மூன்றை மட்டும் தருகிறேன்.

'போத் ராமு ஆர் கோபு கேம்.'

'நைதர் மை ஃபாதர் நார் மை மதர் டிட் நாட் கம்.'

'தோ இட் ரெய்ண்ட், பட் வி பிளேய்ட்.'

ஒன்பது பேரில் எழுவர் தவறியிருந்தனர். ஒப்பிக்கச் சொன்னால் ஒன்பது பேரும் பிழையின்றி ஒப்பித்தனர்! பாடம் வாயில் இருந்ததே ஒழிய வாக்கியத்தில் இறங்கவில்லை. நான் வங்கியில் செய்த தவறும் இதே வகையைச் சேர்ந்ததுதான் என்று அப்போது தோன்றியது.

அன்றிரவு எதிர் வீட்டு அம்மாள் தம் மகனைப் பார்த்து இரைந்தார்: "ஒண்ணு நீ வந்து சாப்பிடு, இல்லாட்டித் தங்கச்சியையாவது அனுப்பு!" இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது 'ஐதர் – ஆர்' என்பது காதில் விழுந்தது. 'ஒன்று' என்று தொடங்கினால் 'இல்லாவிட்டால்' என்பது வராமல் அந்த வாக்கியம் முடியுமா? முடியாது. அப்பையன் ஆங்கில இணையை அறியாதவனே தவிர, இணையை அறியாதவன் அல்லன்.

தமிழ் தரும் திறவுகோல்

அதன்பின் தமிழிலக்கணத்தைப் புரட்டினேன். தொல்காப்பியத்தில் இடையியல் என்று ஓர் இயலே இச்சிறு சொற்களுக்காக உள்ளது. 'உம்' என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியமும் எட்டுப் பொருள் கூறுகிறது. நன்னூலும் எட்டுப் பொருள் கூறுகிறது. அவற்றுள் ஒன்று எண்ணுப் பொருள். 'பட்டும் சரிகையும்' என்று ஒவ்வொரு பொருளின் பின்னும் 'உம்' ஒட்டி எண்ணுவது அது. ஓகாரத்தின் பொருள்களுள் தெரிநிலை என்று ஒன்று உண்டு. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்று இரண்டையும் விலக்கிக் காட்டும் உதாரணத்தை அதற்கு உரையாசிரியர்கள் தருவர். இது 'நைதர் – நார்' அன்றி வேறென்ன?

நம் நாவில் அன்றாடம் புழங்கும் இணைகளை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 'அவனும் இவனும்', 'இன்றோ நாளையோ', 'அண்ணனாவது தம்பியாவது', 'வந்தாலும் வராவிட்டாலும்', 'அதுமட்டுமன்றி இதுவும்', 'வந்ததும் வராததுமாக' என அடுக்கிக்கொண்டே போகலாம். ஆகவே நம் பிள்ளைகளுக்கு இணை என்ற கருத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையேயுள்ள மூன்று வேறுபாடுகளைக் காட்டினால் போதும்.

முதலாவது, தமிழ் பின்னே கட்டும். ஆங்கிலம் முன்னே கட்டும். 'வீட்டில்' என்பதில் 'இல்' பின்னே நிற்கிறது. ஆங்கிலத்தில் 'இன் தி ஹவுஸ்' என்று 'இன்' முன்னே வந்துவிடுகிறது. இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் அறியும். இணைப்புச் சொல்லும் அப்படியே. 'ராமுவும்' என்பதில் 'உம்' பின்னே. 'போத் ராமு' என்பதில் 'போத்' முன்னே.

இரண்டாவது, தமிழ் பெரும்பாலும் ஒரே உருபை இரு முறை இடும்: உம், உம், ஓ, ஓ, ஆவது, ஆவது. ஆங்கிலம் இரு வேறு சொற்களை இடும். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். எது எதற்கு ஜோடி என்பதை மட்டும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, தமிழில் 'இல்லை' என்பது வினையில் நிற்கும். ஆங்கிலத்தில் அது இணைப்புச் சொல்லுக்குள்ளேயே புகுந்து நிற்கக்கூடும்.

1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இம்மொழிகள் இணைப்புச் சொற்களைவிட வினையெச்சங்களையே மிகுதியாகக் கையாளுகின்றன என்று குறிப்பிட்டுள்ளார். 'வந்து, உண்டு, உறங்கினான்' என்பதில் 'அண்ட்' என்பதற்கு இடமே இல்லை. இணைப்பு வேலையைச் சொல்லின் ஈற்றிலேயே முடித்துக்கொள்வது நம் மொழியின் இயல்பு. அவ்வியல்பில் வளர்ந்த பிள்ளை முதற்சொல்லை மறப்பது மந்தத்தனம் ஆகாது.

முதல் படி: போத் – அண்ட்

'ராமுவும் கோபுவும் வந்தனர்' என்று பலகையில் எழுதினேன். இரண்டு 'உம்' மீதும் வண்ணச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிடச் சொன்னேன். அதன் கீழே 'ராமு அண்ட் கோபு கேம்' என்று எழுதி, "தமிழில் இரண்டு 'உம்' இருக்கிறது, இங்கே ஒரே ஒரு 'அண்ட்' தானே இருக்கிறது, இன்னொரு 'உம்' எங்கே போயிற்று?" என்று கேட்டேன். பிள்ளைகள் விழித்தனர். காணாமற்போன அந்த முதல் 'உம்' தான் 'போத்' என்று சொல்லி, ராமுவின் முன்னே அதை எழுதினேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அப்படியென்றால் ஐதர் என்பது காணாமற்போன முதல் 'ஆவது' தானே அக்கா?" என்று கேட்டாள். அன்றைய பாடத்தை அவளே முடித்து வைத்தாள் என்றால் மிகையாகாது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. தமிழில் எத்தனை பொருளுக்கும் 'உம்' இடலாம். 'பட்டும் பருத்தியும் சரிகையும்' என்று நீட்டலாம். பள்ளி இலக்கணப்படி 'போத்', 'ஐதர்', 'நைதர்' ஆகியவை இரண்டுக்கே உரியவை. மூன்றாவது பொருள் வந்தால் 'போத்' விடைபெற்றுவிடும்.

இரண்டாம் படி: ஐதர் – ஆர்

இங்கே எதிர் வீட்டு அம்மாளின் வாக்கியமே பாடமாயிற்று. 'ஒண்ணு' என்பது ஐதர். 'இல்லாட்டி' என்பது ஆர். பின்னே கட்டும் நம் மொழியில், இந்த ஓர் இணை மட்டும் ஆங்கிலத்தைப் போலவே முன்னே நிற்கிறது. இரு வேறு சொற்களாகவும் இருக்கிறது. ஆதலின் இடமாற்றத்தைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த வாயில் இல்லை.

'ஐதர்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'இரண்டில் ஒவ்வொன்றும்' என்பதே பொருள். அதன் சுவடு இன்றும் உள்ளது. 'ஆன் ஐதர் சைட் ஆஃப் தி ரிவர்' என்றால் ஆற்றின் இருகரையிலும் என்று பொருள்படும். கமண்டல நாகநதியின் ஐதர் சைடிலும் நெல் விளைகிறது என்றால் இரு பக்கமும் விளைகிறது என்றே கொள்ள வேண்டும். ஆனால் 'ஆர்' துணையாக வந்துவிட்டால், இரண்டில் ஒன்று என்ற பொருளே நிற்கும். துணையைப் பார்த்தே சொல்லின் பொருளைத் துணிய வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாம் படி: நைதர் – நார்

பிள்ளைகள் மிகுதியாகத் தவறுவது இங்கேதான். 'அப்பாவும் வரவில்லை, அம்மாவும் வரவில்லை' என்று நினைத்துக்கொண்டு எழுதுவதால், 'நைதர்', 'நார்' இரண்டையும் இட்டபின் 'டிட் நாட்' என்பதையும் சேர்த்துவிடுகின்றனர். இதைத் திருத்த எழுத்தைக் காட்டினேன். நோ, நாட், நெவர், நன் ஆகிய நான்கையும் எழுதி, எல்லாவற்றுக்கும் முதலெழுத்து எது என்று கேட்டேன். 'என்' என்றனர். ஐதரின் முன்னே அந்த 'என்' எழுத்தை ஒட்டினால் நைதர். ஆர் என்பதன் முன்னே ஒட்டினால் நார். 'இல்லை' என்பது அங்கேயே முடிந்துவிட்டது. இனி வினையில் மறுபடியும் 'இல்லை' சொன்னால், ஒரே கடனை இரு முறை கட்டுவதாகும். 'நைதர் மை ஃபாதர் நார் மை மதர் கேம்' என்பதே சரி.

இதோடு மற்றொன்றையும் சேர்த்துச் சொல்வது நலம். 'இருவரும் வரவில்லை' என்பதை அப்படியே 'போத் டிட் நாட் கம்' என்று பிள்ளைகள் எழுதுவர். ஒருவர் வந்திருப்பாரோ என்ற ஐயத்துக்கு அது இடம் தரும். இருவருமே வரவில்லையென்றால் நைதரைத்தான் அழைக்க வேண்டும்.

நான்காம் படி: நாட் ஒன்லி – பட் ஆல்சோ

'மட்டும்' என்ற சொல் தமிழில் எங்கே நிற்கிறதோ அங்கே பொருள் மாறும். 'நான் மட்டும் அரிசி வாங்கினேன்' என்பது வேறு. 'நான் அரிசி மட்டும் வாங்கினேன்' என்பது வேறு. இதைச் சொன்னவுடன் பிள்ளைகள் சிரித்தனர். அவ்வளவு தெளிவு அவர்களுக்கு இருக்கிறது. ஆங்கிலத்திலும் இணைச் சொல் தான் இணைக்கும் சொல்லுக்கு நேர் முன்னே நிற்க வேண்டும். இரு பக்கமும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பதை இதிலிருந்தே காட்டலாம்.

'ஆரணி ஈஸ் நோன் நாட் ஒன்லி ஃபார் சில்க் பட் ஆல்சோ ஃபார் ரைஸ்.' பட்டுக்கு முன்னே ஒரு 'ஃபார்'. அரிசிக்கு முன்னே ஒரு 'ஃபார்'. ஒரு பக்கம் 'ஃபார்' இருந்து மறுபக்கம் இல்லாமற்போனால் தராசு சாயும். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டையும், எங்கள் ஊர் அரிசியையும் ஒரே வாக்கியத்தில் எழுத முடிந்ததில் பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி. பாடநூல் உதாரணத்தைவிடத் தம் ஊர் உதாரணம் மனத்தில் நிற்கும் என்பது என் அனுபவம்.

ஐந்தாம் படி: நோ சூனர் – தேன்

'மணி அடித்ததும் அடிக்காததுமாகப் பிள்ளைகள் ஓடினர்' என்பது தமிழ். 'நோ சூனர் டிட் தி பெல் ரிங் தேன் தி சில்ட்ரன் ரேன் அவுட்' என்பது ஆங்கிலம். இதில் 'தேன்' என்பதற்குப் பதிலாக 'வென்' எழுதுவது பரவலான பிழை. 'சூனர்' என்பது 'டாலர்', 'பிக்கர்' போன்ற ஒப்பீட்டுச் சொல். உயரத்தை ஒப்பிடும்போது 'டாலர் தேன்' என்கிறோம் அல்லவா? அதே காரணத்தால்தான் சூனருக்கும் 'தேன்' வருகிறது. தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்த ஆறாம் வகுப்புப் பையன், "சூனருக்குத் தேன் வேண்டுமாம்!" என்று கூவினான். அதன்பின் எவரும் அதில் தவறவில்லை. 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' ஆகியவை ஒப்பீட்டுச் சொற்கள் அல்ல. ஆகவே அவற்றுக்கு 'வென்' துணை.

இங்கே 'டிட்' என்பது எழுவாய்க்கு முன்னே வந்துவிடுவதையும் கவனிக்கச் சொல்ல வேண்டும். வினாவைப் போன்ற அமைப்பு என்று சொன்னால் பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடும்.

'வெதர் – ஆர்' என்பதற்கு 'வந்தாலும் வராவிட்டாலும்' என்ற ஒரு தொடரே போதும். 'தோ' என்பதோடு 'பட்' சேர்ப்பதைத் தடுக்கவும் தமிழே உதவியது. "மழை பெய்தாலும் ஆனால் விளையாடினோம் என்று சொல்வீர்களா?" என்று கேட்டேன். மாட்டோம் என்றனர். அப்படியானால் ஆங்கிலத்திலும் வேண்டாம். 'தோ' என்பதற்குத் துணை வேண்டுமானால் 'எட்' இருக்கிறது.

வினையின் குழப்பம்

ஒருமையா பன்மையா என்ற சிக்கல் ஒன்று உண்டு. 'நைதர் தி டீச்சர் நார் தி ஸ்டூடண்ட்ஸ் ஹேவ் கம்' என்றும், 'நைதர் தி ஸ்டூடண்ட்ஸ் நார் தி டீச்சர் ஹேஸ் கம்' என்றும் எழுத வேண்டும். அண்டையிலுள்ள எழுவாயைப் பார்த்து வினை அமையும். இது ஏன் நம் பிள்ளைகளுக்குக் கடினமாகிறது என்று ஆராய்ந்தேன். தமிழில் இந்தத் தொல்லை நமக்குப் பெரும்பாலும் நேர்வதில்லை. 'நானோ நீயோ போக வேண்டும்', 'அவனோ அவளோ வரக்கூடும்' என்று பால் இடம் காட்டாத வினையை வைத்து நாம் நழுவிவிடுகிறோம். 'வரவில்லை' என்பதும் எல்லாருக்கும் பொது. நழுவ இடமில்லாத ஆங்கிலத்தில் பிள்ளை திகைக்கிறது. தமிழ் வழியில் விளக்க முடியாத இடம் இது. இதைப் பயிற்சியால்தான் பெற வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அட்டை விளையாட்டு

தறி வீடுகளில் கரைக்குப் பூவேலை செய்யும் ஜக்கார்டு அட்டைகள், பழையனவாகி மூலையில் கிடக்கும். அவற்றை வாங்கி, துளையில்லாத ஓரங்களை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லை எழுதினேன். பிள்ளைக்கு ஓர் அட்டை. தன் துணையைத் தேடிப் பிடித்து, இருவரும் சேர்ந்து தங்கள் வீட்டைப் பற்றியோ தெருவைப் பற்றியோ ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். ஒருமுறை துணை கிடைக்காத பையன் ஒருவன் தனியே வாக்கியம் சொல்ல முயன்றான். அவன் பக்கத்து வீட்டுச் சிறுமி, "ஒரே மிதியை மிதித்துக்கொண்டிருந்தால் ஊடை பிணையுமாடா?" என்று கேட்டாள். இரண்டு மிதிகளையும் மாற்றி மாற்றி மிதித்தால்தான் பாவு இழைகள் மேலும் கீழும் மாறி ஊடையைப் பிடித்துக்கொள்ளும் என்பது அத்தெருவில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. நான் அதற்குமேல் விளக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, முதல் நாள் கொடுத்த அதே பயிற்சியை மறுபடியும் கொடுத்தேன். ஒன்பது பேரில் எழுவர் பிழையின்றி எழுதினர். இருவர் வினையின் ஒருமை பன்மையில் மட்டும் தவறினர். ஒன்பது பிள்ளைகளை வைத்துப் பெரிய முடிவுகளுக்கு வருவது அறிவியல் மாணவிக்கு அழகாகாது என்பதை அறிவேன். ஆயினும் மனப்பாடத்தால் நேராத மாற்றம், அவர்கள் மொழியைச் சாட்சிக்கு அழைத்ததால் நேர்ந்தது என்று மட்டும் சொல்வேன்.

முடிவுரை

ஆங்கிலம் நம் பிள்ளைகளுக்கு வரவில்லை என்று நாம் அடிக்கடி வருந்துகிறோம். வகுப்பறைக்குள் நுழையும் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. அவன் நாவில் 'உம்' இருக்கிறது, 'ஓ' இருக்கிறது, 'ஆவது' இருக்கிறது. அவற்றை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்லாமல், அவற்றையே முதலாகக் கொண்டு வணிகம் செய்யக் கற்றுக்கொடுத்தால் போதுமானது. என்னைப் போல் வீட்டுக்கு முதல் பட்டதாரியாக வரவிருக்கும் மாணவர்கள் நம் கல்லூரியில் பலர் உள்ளனர். அவர்கள் தம் தெருவில் நான்கு பிள்ளைகளுக்காவது மாலையில் ஒரு மணி நேரம் கொடுத்தால் நன்மை பயக்கும் என்பது என் பணிவான கருத்து.

அப்பா உடல் தேறி வந்தபின், இருவரும் கையெழுத்திட்டு அந்தக் கணக்கை 'ஐதர் ஆர் சர்வைவர்' என்று மாற்றிக்கொண்டனர். கம்மலும் மீண்டது. சென்ற மாதம், அட்டை விளையாட்டில் தேறிய எட்டாம் வகுப்புப் பெண் தன் வீட்டுக்கு வந்த வங்கிப் படிவம் ஒன்றை என்னிடம் எடுத்து வந்தாள். நிரப்பித் தரச் சொல்வாள் என்று எண்ணிப் பேனாவை எடுத்தேன். அவள் நிரப்பியே கொண்டு வந்திருந்தாள். எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறாள் என்று பார்த்தேன். "அம்மாவாவது அப்பாவாவது போனால் போதும் அக்கா, அதனால் இதில் போட்டேன். சரிதானே?" என்றாள்.

சரிதான் என்றேன்.